ஒரு ஜன்னலை மாத்த எத்தனை பேர்கிட்ட கேக்கணும்?

இன்னைக்கு எபிசோடு ரொம்பச் சின்ன ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. சின்னாளப்பட்டியில ஒரு பழைய வீடு. தெருவைப் பார்த்த மர ஜன்னல் கரையான் அரிச்சுப் போச்சு. அதை எடுத்துட்டு அலுமினியத்துலயோ யுபிவிசியிலயோ புதுசா வைக்கணும். இதுக்கு பேரூராட்சி ஆபீஸ்ல அனுமதி வாங்கணுமா, வேண்டாமா?

'நம்ம வீடு, நம்ம சுவர், யாரைக் கேக்கணும்?'னு ஒரு பக்கம் சொல்லுவாங்க. 'எதுக்கும் ஒரு தடவை ஆபீஸ்ல கேட்டுடுப்பா'னு இன்னொரு பக்கம். ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு. ஏன்னு புரியணும்னா சுமார் 140 வருஷம் பின்னாடி போகணும்.

அதுக்கு முன்னாடி வார்த்தையைப் பார்த்துடலாம். 'ஜன்னல்' போர்த்துக்கீசியர்களோட வந்த வார்த்தை. அவங்க மொழியில 'ஜனேலா'. அப்போ அதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஜன்னலே இல்லையா? இருந்தது. சிலப்பதிகாரத்துலயே 'காலதர்'னு ஒரு சொல் வருது. கால்னா காற்று, அதர்னா வழி. காற்று வர்ற வழி. இங்கிலீஷ்ல விண்டோங்கிற சொல்லும் பழைய நார்ஸ் மொழியில 'காற்றின் கண்'ங்கிற அர்த்தத்துல இருந்துதான் வந்தது. ரெண்டு ஊர்க்காரங்களும் ஜன்னலைப் பார்த்ததும் காற்றைத்தான் நினைச்சிருக்காங்க. ஆனா சட்டம் ஜன்னலைப் பார்த்தப்போ முதல்ல கவனிச்சது பக்கத்து வீட்டுக்காரரை. அடுத்து தெருவை. மூணாவதாதான் உள்ளே இருக்கிற மனுஷனை.

தறிக்கு வேண்டிய வெளிச்சம்

சின்னாளப்பட்டி தெரியாதவங்களுக்கு: திண்டுக்கல்ல இருந்து மதுரை போற வழியில, காந்திகிராமத்துக்குப் பக்கத்துல இருக்கிற பேரூராட்சி. ஆத்தூர் தாலுகா. சுங்குடிச் சேலைக்கும் சின்னாளப்பட்டுக்கும் பேர் போன நெசவு ஊர்.

நெசவாளர் வீட்டுல ஜன்னல்ங்கிறது வேடிக்கை பார்க்கிற இடம் மட்டும் இல்லை. குழித்தறியில நெய்றவங்க தரை மட்டத்துல உக்காந்து, காலைக் குழிக்குள்ள தொங்கவிட்டு மிதிப்பாங்க. கண்ணு பாவு நூல் மேலயே இருக்கும். ஒரு இழை அறுந்தா உடனே தெரியணும். கரண்ட் வராத காலத்துல அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாதான் வரணும். அதே சமயம் வறண்ட காற்று நேரா தறி மேல அடிச்சா பருத்தி நூல் காய்ஞ்சு அறுந்துடும். ஆக, வெளிச்சம் வேணும், காற்று அளவா வேணும். ஜன்னல் எங்கே, எவ்வளவு உயரத்துல, எவ்வளவு பெருசா இருக்குங்கிறது அன்னைக்கு எத்தனை முழம் நெய்ய முடியும்ங்கிறதை முடிவு பண்ணும். இதை மனசுல வெச்சுக்கோங்க.

1882: பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வர்றாரு

இங்கிலாந்துல 'பழைய வெளிச்சம்'னு ஒரு உரிமை உண்டு. ஒரு ஜன்னல் வழியா 20 வருஷம் தடையில்லாம வெளிச்சம் வந்திருந்தா, பக்கத்து மனைக்காரர் சுவர் எழுப்பி அதை மறைக்க முடியாது. 1832-ல இதைச் சட்டமாவே எழுதிட்டாங்க. லண்டன்ல சில பழைய ஜன்னலுக்குக் கீழே இந்த உரிமையைச் சொல்லி போர்டு மாட்டியிருப்பாங்க.

அதே 20 வருஷக் கணக்கு 1882-ல இந்திய ஈஸ்மெண்ட் சட்டமா வந்தது. முதல்ல அது அமலுக்கு வந்த பகுதிகள்ல நம்ம சென்னை மாகாணமும் ஒண்ணு. நம்ம பத்திரங்கள்ல 'வழிநடை பாத்தியம்'னு ஒரு வரி பார்த்திருப்பீங்க இல்லையா, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் வெளிச்ச உரிமையும் காற்று உரிமையும்.

இந்தச் சட்டத்துல ரெண்டு விஷயம் சுவாரஸ்யம். முதலாவது, வெளிச்சம் கொஞ்சம் குறைஞ்சுதுன்னு கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்கிட முடியாது. சொத்தோட மதிப்பு குறையணும், இல்லைன்னா உடம்புக்கான வசதி கணிசமா கெடணும், இல்லைன்னா அந்த இடத்துல வழக்கமா செய்ற தொழிலை முன்ன மாதிரி செய்ய முடியாமப் போகணும். தறி வெச்சிருக்கிற வீட்டுக்கு இந்த மூணாவது காரணம் எவ்வளவு பொருத்தம்னு பாருங்க. சட்டம் எழுதினவங்க நெசவாளரை நினைச்சு எழுதலை. ஆனா அந்த வரி ஒரு நெசவாளர் கையில நல்ல ஆயுதம்.

ரெண்டாவது, ஜன்னலைப் பெருசாக்கினா என்ன ஆகும்? சட்டமே ஒரு உதாரணம் சொல்லுது. ஒருத்தர்கிட்ட ஆறுக்கு நாலு அடியில நாலு ஜன்னல் இருக்கு, அதுக்கு வெளிச்ச உரிமையும் இருக்கு. அவர் ஜன்னலோட அளவையும் எண்ணிக்கையையும் கூட்டிடறார். கூடுதலா எடுத்துக்கிட்ட வெளிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் நிலத்துல சுவர் வெச்சு மறைக்கலாம். ஆனா அப்படி மறைச்சா பழைய ஜன்னலும் இருட்டாயிடும்னா, மறைக்கக் கூடாது. அதாவது பழைய உரிமை பழைய அளவுக்குத்தான். புதுசா எடுத்தது உரிமை ஆகிடாது, ஆனா பழசை அழிச்சிட்டு அதைத் தடுக்கவும் முடியாது. சாஃப்ட்வேர்காரங்க பாஷையில சொன்னா, புது வெர்ஷன் பிடிக்கலைன்னாலும் பழைய யூசரோட ஆக்சஸை உடைக்கக் கூடாது.

1920: தெரு உள்ளே வருது

திண்டுக்கல் நகராட்சி ஆரம்பிச்சது 1866-ல. அதுக்கப்புறம் 1884-ல ஒரு மாவட்ட நகராட்சிகள் சட்டம், அதை மாத்தி 1920-ல இன்னொண்ணு. இந்த 1920 சட்டம்தான் நம்ம கதையோட ஹீரோ. வில்லனும் அதுதான்.

அதுல ஒரு விதி: தெருவைப் பார்த்து இருக்கிற கதவு, கேட்டு, தரைத்தள ஜன்னல், இதெல்லாம் தெருப்பக்கம் திறக்கிற மாதிரி வைக்கணும்னா லைசென்ஸ் வேணும். ஆமாங்க, ஜன்னல் வெளிப்பக்கம் திறக்கறதுக்கு லைசென்ஸ்! இது நம்ம ஊர்ல யோசிச்ச விஷயம் இல்லை. 1847-ல இங்கிலாந்து நகரங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டம் போட்டாங்க. புதுசா வைக்கிற கதவெல்லாம் தெருப்பக்கம் திறக்கக் கூடாதுன்னு அதுலயே இருக்கு. அங்கே இருந்து காப்பி பேஸ்ட் ஆகி, கூடவே ஜன்னலையும் சேர்த்துக்கிட்டு இங்கே வந்து உக்காந்திருக்கு.

ஆனா காப்பி பண்ண கோடு சில சமயம் புது இடத்துலயும் நல்லா ஓடும். நெசவு ஊர்கள்ல தெரு வெறும் நடக்கிற இடம் இல்லை. விடியக்காலையில பாவை நீளமா இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்ச்சு, காய வைக்கிற இடம். அதுக்குன்னே 'பாவடி'ன்னு தனியா பேர் வெச்ச இடங்கள் தமிழ்நாட்டு நெசவு ஊர்கள்ல இருக்கு. அப்படி ஒரு குறுகலான தெருவுல வீட்டுக்கு வீடு ஜன்னல் கதவு ரெண்டடி வெளியே நீட்டினா என்ன ஆகும்? ஒருத்தர் வீட்டுக் காற்றுக்காக ஊரே பாவை நகர்த்தணும். தெரு பொதுச் சொத்துன்னு சட்டம் சொல்றதுக்கு இங்கே நிஜமாவே ஒரு அர்த்தம் இருக்கு.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். வீடு கட்ட அனுமதி வாங்கணும்னு சொன்ன அந்தச் சட்டம், ஏற்கனவே இருக்கிற வீட்டை மாத்தினாலும் அதே விதிதான்னு சொல்லுது. கூடவே ஒரு விலக்கும் கொடுக்குது. கட்டடத்தோட, இல்லைன்னா உள்ளே இருக்கிற எந்த ரூமோட, இடமும் அளவும் மாறாத அவசியமான பழுதுபார்ப்பு 'மாற்றம்'ங்கிற கணக்குல வராது. 1919-ல சென்னை மாநகராட்சிக்குப் போட்ட சட்டத்துலயும் இதே கோடு இருக்கு.

நம்ம கேள்விக்கு நூறு வருஷப் பதில் இந்த ஒரு கோட்டுக்குள்ள இருக்கு. அரிச்சுப் போன மரச் சட்டத்தை எடுத்துட்டு, அதே ஓட்டையில அதே அளவுல புது ஜன்னல் வெச்சா அது பழுதுபார்ப்பு. லிண்டலை உடைச்சு, சுவரை இடிச்சு, மூணடி ஜன்னலை ஆறடி ஆக்கினா அந்தப் பேர் அவ்வளவு சுலபமா ஒட்டாது. இதுக்கு எஞ்சினியரிங் காரணமும் இருக்கு. பழைய வீடுகள்ல தூண், பீம் கிடையாது. மேல இருக்கிற மொத்த எடையும் சுவர் வழியாதான் தரைக்கு இறங்குது. அந்தச் சுவர்ல ஓட்டையை அகலமாக்கினா எடை போற பாதையை வெட்டுறோம்னு அர்த்தம்.

ஆனா 'அவசியமான'ங்கிற வார்த்தையைக் கவனிச்சீங்களா? எது அவசியம்னு யார் முடிவு பண்றது? அங்கேதான் ஆபீஸரோட மேசை உள்ளே வருது. தெளிவில்லாத ஒரு வார்த்தை, அதுக்கு அர்த்தம் சொல்ற ஒரு நாற்காலி, அந்த நாற்காலி முன்னாடி நிக்கிற ஒரு கூலி நெசவாளர். சின்ன வேலைக்குக்கூட ஆபீஸ்னா ஜனங்க பயப்படுறதோட வேர் இதுதான்.

உள்ளே இருக்கிற மனுஷன்

ஜன்னலை அரசு தப்பாத் தொட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு இங்கிலாந்தே உதாரணம். 1696-ல ஜன்னல் வரி போட்டாங்க. வீட்டுல எத்தனை ஜன்னலோ அதுக்கேத்த வரி. ஜனங்க ஜன்னலைச் செங்கல் வெச்சு அடைச்சாங்க. வெளிச்சமும் காற்றும் இல்லாத வீடுகள்ல நோய் பெருகுதுன்னு டாக்டர்கள் போராடி, 1851-லதான் அந்த வரி போச்சு.

அப்புறம் காத்தோட்டம் பொது சுகாதார விஷயம் ஆச்சு. 1896-ல பம்பாய்ல ப்ளேக் வந்ததுக்கப்புறம், நெருக்கமான தெருக்களை இடிச்சுத் தள்ளுறதுதான் தீர்வுன்னு நிறைய அதிகாரிங்க நினைச்சாங்க. 1914-15-ல சென்னை மாகாணத்து ஊர்களைச் சுத்திப் பார்த்த பேட்ரிக் கெடிஸ் வேற மாதிரி சொன்னார். மதுரை, தஞ்சாவூர் பத்தியெல்லாம் அறிக்கை எழுதினவர் அவர். மொத்தமா இடிக்காதீங்க, எங்கே தேவையோ அங்கே மட்டும் கத்தி வைங்கங்கிறதுதான் அவரோட வாதம். 1920-ல சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது.

1970-ல தேசிய கட்டட விதித்தொகுப்பு வந்தது. 1983, 2005, 2016-ல திருத்தினாங்க. வறண்ட வெப்பமான பகுதியில ரூமோட தரைப்பரப்புல பத்துல ஒரு பங்காவது ஜன்னல் மாதிரி திறப்பு இருக்கணும், ஈரமான வெப்பப் பகுதியில ஆறுல ஒரு பங்குன்னு அது சொல்லுது. 120 சதுர அடி ரூமுக்குப் பத்துல ஒண்ணுன்னா 12 சதுர அடி. மூணுக்கு நாலு அடியில ஒரு ஜன்னல், அவ்வளவுதான். அனுமதியே தேவைப்படாத வேலைகள்னு அதே தொகுப்பு ஒரு பட்டியலும் போடுது. வெள்ளையடிக்கிறது, பூச்சு, ஓடு மாத்துறது, இதோட ஜன்னல், கதவு, வென்டிலேட்டர் திறக்கிறதும் மூடுறதும் அதுல இருக்கு. மத்த விதிகளையும் கட்டட உறுதியையும் மீறக் கூடாதுங்கிறது கண்டிஷன். ஆனா இந்தத் தொகுப்பு ஒரு பரிந்துரைதான். மாநிலமும் உள்ளாட்சியும் தங்களோட விதியில எடுத்துக்கிட்டாதான் அதுக்குப் பல் முளைக்கும்.

சின்னாளப்பட்டிக்கு யார் விதி?

இவ்வளவு நேரம் நகராட்சி கதை பேசினோம். பேரூராட்சிக்கு? 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்கு அப்புறம் ரொம்ப நாள் பேரூர்கள் பஞ்சாயத்துக் குடையிலதான் இருந்தது. அரசியல் சட்டத்தோட 74-வது திருத்தத்துக்குப் பிறகு, 1994-லதான் அதே 1920 நகராட்சிச் சட்டத்துக்குக் கீழே வந்தது. 74 வயசான ஒரு லெகசி கோடுல புது யூசர்ஸைக் கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி.

2019 பிப்ரவரியில தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்து, தனித்தனியா கிடந்த நகராட்சி விதி, பஞ்சாயத்து விதி எல்லாத்தையும் ஒரே புத்தகமாக்கிச்சு. 2023 ஏப்ரல்ல 1998-ம் வருஷத்து நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் ஒருவழியா அமலுக்கு வந்து, 1920 சட்டம் ரிட்டயர் ஆச்சு. 2024 ஜூலையில சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரைக்குமான மனையில 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட ஆன்லைன்லயே உடனடி அனுமதி. அந்த வெப்சைட்டுக்குப் பேர் என்ன தெரியுமா? ஒற்றைச் சாளரம். ஜன்னலுக்கு அனுமதி கேக்கப் போனா, அரசாங்கமே ஒரு ஜன்னலா நிக்குது!

கிண்டல் இருக்கட்டும். இந்த வரலாற்றுல இருந்து எடுத்துக்க வேண்டியது மூணு கேள்வி. ஓட்டையோட அளவு மாறுதா? தெருப்பக்கம் எதாவது நீட்டுதா? பக்கத்து மனையோட வெளிச்சத்துலயோ சுவர்லயோ கை வைக்கிறோமா? மூணுக்கும் 'இல்லை'ன்னா அது பழுதுபார்ப்போட பக்கம். ஒண்ணுக்கு 'ஆமா'ன்னாகூட, பேரூராட்சி செயல் அலுவலருக்கு எழுத்துல ஒரு மனு கொடுத்துட்டு ஆரம்பிங்க. வாயால வாங்கின பதிலுக்குச் சாட்சி இருக்காது. பதில் வரலையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாள்ல சொல்லியாகணும்.

பழைய ஜன்னலைக் கழட்டுறதுக்கு முன்னாடி டேப் பிடிச்சு அளந்து, தேதியோட போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. 20 வருஷமா இந்த அளவுல இங்கே ஒரு ஜன்னல் இருந்ததுன்னு ஒருநாள் நிரூபிக்க வேண்டி வரலாம். மரத்தை ஆக்கர் கடையில போட்டுடலாம். அது வழியா வந்த வெளிச்சத்து மேல உங்களுக்கு இருக்கிற உரிமையை அப்படிப் போட்டுட முடியாது.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.