ஆர்எக்ஸ் 570-ஆ, ஜிடிஎக்ஸ் 1650-ஆ? பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குமுன் கணினியைத் திறந்து பாருங்கள்

அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த கணினி ஒன்று மலிவாகக் கிடைத்துவிட்டது. பாடவேலைக்குப் போதும். ஆனால் நண்பர்கள் வேலரன்ட் விளையாடக் கூப்பிடுகிறார்கள். கையில் இருப்பதோ தீபாவளிக்குக் கிடைத்த பணம் மட்டும். புது கிராஃபிக்ஸ் கார்டு அந்தப் பணத்துக்கு வராது. அப்போ பழையதைத்தான் தேடணும்.

கேரசலில் தேடினாலும் சரி, சிம் லிம் ஸ்குவேரில் ஏறி இறங்கினாலும் சரி, இந்த விலையில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பெயர்கள் இரண்டு. ஒன்று ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570. மற்றது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650.

எது வேகம் என்று கேட்டால் பதில் சுலபம். எதை வாங்கலாம் என்று கேட்டால் உங்கள் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

எது வேகம்?

ஆர்எக்ஸ் 570. அதில் சந்தேகமே இல்லை.

2017 ஏப்ரலில் 169 அமெரிக்க டாலருக்கு அறிமுகமான கார்டு அது. உண்மையில் 2016இல் வந்த ஆர்எக்ஸ் 470-ஐத்தான் கொஞ்சம் முடுக்கிவிட்டுப் புதுப் பெயரில் விற்றார்கள். ஜிடிஎக்ஸ் 1650 வந்தது ஈராண்டு கழித்து, 2019 ஏப்ரலில், 149 டாலருக்கு. அந்த நேரத்தில் ஆர்எக்ஸ் 570-இன் விலை அதற்கும் கீழே இறங்கியிருந்தது. ஆகவே பழைய கார்டு மலிவாகவும் இருந்தது, பெரும்பாலான விளையாட்டுகளில் புதியதைவிட வேகமாகவும் ஓடியது. என்விடியாவுக்குக் கொஞ்சம் சங்கடமான அறிமுகம்தான்.

ஏன் அப்படி? ஆர்எக்ஸ் 570-இன் நினைவகப் பாதை 256 பிட் அகலம். ஜிடிஎக்ஸ் 1650-க்கு 128 பிட்தான். எட்டுத் தட விரைவுச்சாலையையும் நான்கு தடச் சாலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடிக்கு 570 சுமார் 224 கிகாபைட் தரவைக் கடத்தும், 1650 சுமார் 128 கிகாபைட். சாலை அளவுக்கு வேக வித்தியாசம் பெரிதாக இருக்காது. ஆனாலும் ஃபுல் எச்டி திரையில் பல விளையாட்டுகளில் 10 விழுக்காட்டுக்கு மேல் 570 முந்தும்.

இன்னொரு விஷயம். 570-இல் 8 ஜிபி நினைவகம் கொண்ட வகையும் உண்டு. 1650-இல் 4 ஜிபி மட்டும்தான். இன்றைய பெரிய விளையாட்டுகளில் 4 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பினால் படம் திக்கித் திக்கி ஓடும்.

வேலரன்ட், டோட்டா 2 மாதிரி விளையாட்டுகள்தான் உங்கள் உலகம் என்றால் இந்த விவாதமே தேவையில்லை. இரண்டு கார்டுமே தாராளமாக ஓட்டும்.

அப்புறம் 1650-ஐ ஏன் வாங்குறாங்க?

மின்சாரம். கதையே இங்கேதான் மாறுகிறது.

ஜிடிஎக்ஸ் 1650-க்கு 75 வாட் போதும். தாய்ப்பலகையில் கார்டைச் செருகும் இடமே அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதனால் பெரும்பாலான 1650 கார்டுகளுக்குத் தனியாக மின்கம்பி வேண்டாம். செருகினால் வேலை முடிந்தது. (சில வகைகளில் 6 முள் இணைப்பு இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.)

ஆர்எக்ஸ் 570-க்கு 150 வாட் வேண்டும். கூடவே 6 அல்லது 8 முள் மின்கம்பியும் வேண்டும். 450 வாட் பவர் சப்ளை இருக்கட்டும் என்பது ஏஎம்டியின் பரிந்துரை. 1650-க்கு என்விடியா சொல்வது 300 வாட்.

இப்போது அந்த அலுவலகக் கணினியைத் திறந்து பாருங்கள். பவர் சப்ளைமேல் ஒட்டியிருக்கும் தாளில் 180, 240, 290 என்று ஏதோ ஓர் எண் இருக்கும். 6 முள் கம்பி பெரும்பாலும் இருக்காது. ‘சரி, பவர் சப்ளையை மாத்திடலாமே’ என்று தோன்றும். டெல், எச்பி அலுவலகக் கணினிகள் பலவற்றில் தாய்ப்பலகையின் மின் இணைப்பே தனி வடிவம். கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை அப்படியே பொருந்தாது. பெட்டி ஒல்லியான வகையாக இருந்தால் 570-ஐ உள்ளே வைக்கவே இடம் இருக்காது. 1650-இல் பாதி உயர வகைகளும் வந்திருக்கின்றன.

இந்த இடத்தில் சிலர் குறுக்கு வழி தேடுவார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின்கம்பியை 6 அல்லது 8 முள்ளாக மாற்றும் சின்ன இணைப்பான் சில வெள்ளிக்குக் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் முள்கள் தாங்குவது சுமார் 54 வாட்தான். விளையாட்டு சூடுபிடிக்கும்போது கார்டு அதற்கு மேல் இழுத்தால் இணைப்பான் உருகும், தீயும் பிடிக்கலாம். படுக்கையறையில், அதுவும் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் கணினிக்கு இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

கட்டணம் யார் கட்டுறது?

வீட்டில் அப்பாவோ அம்மாவோ கட்டினாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கார்டுக்கும் உள்ள வித்தியாசம் 75 வாட் என்று வையுங்கள். நாளுக்கு 4 மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு 9 கிலோவாட் மணி கூடுதல். ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசு என்று எடுத்துக்கொண்டால் மாதம் 2 வெள்ளி 70 காசு. ஓராண்டுக்கு ஏறக்குறைய 32 வெள்ளி.

ஆக, 570 இன்று 30 வெள்ளி மலிவாகக் கிடைத்தால், அந்த லாபம் ஓராண்டில் மின்கட்டணத்திலேயே கரைந்துவிடும். வார இறுதியில் மட்டும் விளையாடுபவர் இதைக் கண்டுகொள்ள வேண்டாம். தினமும் விளையாடுபவருக்கு இது பெரிய கணக்கு. காற்றோட்டம் குறைந்த சின்ன அறை என்றால் சூடும் தெரியும்.

இன்னும் எத்தனை நாள் ஓடும்?

ஆர்எக்ஸ் 570-இன் தலைமுறையை ஏஎம்டி 2023இன் பிற்பகுதியில் தனிக் கிளைக்கு மாற்றிவிட்டது. டிரைவர் புதுப்பிப்பு எப்போதாவதுதான் வரும். புது விளையாட்டு வெளிவந்த அன்றே சரிசெய்து தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. என்விடியாவும் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கான விளையாட்டு டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் 1650 அதற்கு அடுத்த தலைமுறை என்பதால் அந்தப் பட்டியலில் இல்லை.

அதற்காக 1650 எதையும் ஓட்டிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ போன்ற புது விளையாட்டுகள் ரே டிரேசிங் வசதி உள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன. இரண்டிலும் அது இல்லை. பெயர் என்விடியா என்றாலும் 1650-இல் டிஎல்எஸ்எஸ் வேலை செய்யாது. வேடிக்கை என்னவென்றால், ஏஎம்டி உருவாக்கிய எஃப்எஸ்ஆர் இரண்டிலும் ஓடும்.

‘மைனிங் செய்யாதது’ என்கிறாரே?

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆர்எக்ஸ் 570 ஒருகாலத்தில் இத்தீரியம் மின்னிலக்க நாணயத்தைத் தோண்டுபவர்களின் செல்லப்பிள்ளை. 2022 செப்டம்பரில் இத்தீரியம் அந்த முறையையே கைவிட்டது. தோண்டிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன.

தோண்டிய கார்டு என்றாலே குப்பை என்று அர்த்தமில்லை. காற்றாடி தேய்ந்திருக்கும், சிப்மேல் தடவிய பசை காய்ந்திருக்கும். இவற்றைச் சரிசெய்யலாம். தொல்லை தருவது வேறொன்று. தோண்டுவதற்காகக் கார்டின் பயாஸையே மாற்றி எழுதியிருப்பார்கள். அதை அப்படியே விற்றால் உங்கள் கணினியில் ஏஎம்டி டிரைவர் சரியாக ஏறாது, திரை கறுத்துப்போகலாம். சில கார்டுகளில் இரண்டு பயாஸ் வைத்து, மாற்ற ஒரு சின்னப் பொத்தானும் கொடுத்திருப்பார்கள். முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

பெயரிலும் விளையாட்டு உண்டு. இணையத்தில் ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ என்று மலிவாக விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அசல் 580-இல் 2304 செயலிக் கருக்கள் இருக்கும். 2048 உள்ளது 570. சீனச் சந்தைக்காக 2018இல் ஏஎம்டியே வைத்த பெயர் அது. அதனால் போலி என்று சொல்ல முடியாது, ஆனால் 580 விலையைக் கொடுக்காதீர்கள்.

1650 பக்கம் குழப்பம் வேறு மாதிரி. அதில் ஜிடிடிஆர்5, ஜிடிடிஆர்6 என இரண்டு வகை உண்டு. இரண்டாவதில் சற்று வேகம் கூடுதல். ‘1650 சூப்பர்’ என்பது தனிக் கார்டு. 570-ஐயே தாண்டிவிடும். ஆனால் 100 வாட், 6 முள் கம்பி வேண்டும். நல்ல பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் 570-ஐ முடிவுசெய்யுமுன் சூப்பர் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 8 ஜிபி 570 நல்ல நிலையில் மலிவாகக் கிடைத்தால் என் கை அதைத்தான் எடுக்கும். அலுவலகக் கணினி வைத்திருப்பவர்களுக்கு 1650-ஐத் தவிர வேறு பதில் இல்லை.

கையில் வாங்கும்போது

விற்பவர் வீட்டிலேயே கார்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு விளையாட்டை 15 நிமிடமாவது ஓட்டணும். திரையில் புள்ளிகள், கோடுகள் தெரிகின்றனவா, காற்றாடி கரகரக்கிறதா என்று கவனியுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவசச் செயலி கருக்களின் எண்ணிக்கையையும் நினைவக அளவையும் காட்டும். போலி என்விடியா கார்டு என்றால் பல வேளைகளில் அதுவே சொல்லிவிடும்.

வெட்கப்பட்டு இதைத் தவிர்க்காதீர்கள். சிங்கப்பூரில் ‘லெமன் லா’ எனப்படும் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றே பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். கடைக்காரர்தான் மறுத்து நிரூபிக்க வேண்டும். எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்துத் தனிநபரிடம் வாங்கிய கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கடையில் 15, 20 வெள்ளி கூடக் கேட்டால், அந்தப் பணம் எதற்கு என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ரசீதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.