யானைக்காலும் புரோட்டியஸும்

ஒரு கால் மட்டும் பெருத்திருந்தால் பல்லடம் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது யானைக்கால் நோய்தான். அதில் தவறில்லை. தமிழ்நாடு நெடுங்காலம் அவதிப்பட்ட நோய் அது. இன்றும் அது பரவலாக உள்ள பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா பகுதிகளிலிருந்து விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கால் இரண்டு வயதுக் குழந்தையுடையது என்றால், யோசனை வேறு பக்கம் போயாக வேண்டும். அப்போது நினைக்க வேண்டிய பெயர்களில் ஒன்று புரோட்டியஸ் நோய். பத்து லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருவதால், பல மருத்துவர்கள் அதை நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

யானைக்கால் வெளியிலிருந்து வருகிறது. சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, நூல்போன்ற புழுவின் இளம்பருவத்தை உடலுக்குள் விட்டுச் செல்கிறது. நிணநீர்க் குழாய்களில் அந்தப் புழு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வாழும். குழாய் பழுதாகி, நீர் தேங்கி, திரும்பத் திரும்பத் தொற்று வந்து தோல் தடிக்க வருடக்கணக்கில் ஆகும். பெரியவர்களிடமே பெரும்பாலும் அதைக் காண்பது இதனால்தான்.

புரோட்டியஸில் கொசுவும் இல்லை, புழுவும் இல்லை. கரு வளரத் தொடங்கும்போது, ஏதோ ஒரு செல்லில் ஏ.கே.டி.1 என்ற மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறிப்போகிறது. பாவில் ஓர் இழை நிறம் மாறி ஏறிவிட்டால், அந்தப் பாவு தீரும்வரை துணியில் கோடு ஓடும். பக்கத்து இழைகளுக்கு ஒன்றும் ஆகாது. அதேபோல் அந்த ஒரு செல்லின் வழிவந்தவை மட்டும் அளவு மீறி வளர்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் வீடமன் 1983இல் இந்த நோய்க்குப் பெயர் வைத்தார். காரணத்தை அமெரிக்காவில் லெஸ்லி பீசெக்கரின் குழு 2011இல்தான் கண்டுபிடித்தது. பிறக்கும்போது குழந்தை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்; ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் வித்தியாசம் தெரியத் தொடங்கும். யானைக்காலில் வீங்குவது தோலும் அதன் அடித்திசுவும். இங்கே எலும்பும் சேர்ந்து வளர்ந்து கோணுகிறது, முதுகெலும்பு வளைகிறது, உள்ளங்கால் தோல் ஆழமான மடிப்புகளாகத் தடிக்கிறது.

இரண்டு நோய்களும் பரிசோதனையை ஏமாற்றும். இதைக் குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும்; சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பது அதற்காகத்தான். பகலில் எடுத்த ரத்தம் சுத்தமாகத் தெரியலாம். கால் முற்றிப் பெருத்த பிறகு இரவு ரத்தத்திலும் குஞ்சுகள் இல்லாமல் போகலாம். புரோட்டியஸில் நேரம் முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். மாறிய மரபணு பெருத்த திசுவில் மட்டும் இருக்கும். கையிலிருந்து ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் 'குறையில்லை' என்றே பதில் வரக்கூடும். பெருத்த இடத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

புரோட்டியஸ் வீட்டுக்குள் பழி வேறு வந்து சேர்கிறது. கிரகணத்தில் வெளியே போனாள் என்பார்கள், சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பார்கள். லண்டனில் 1890இல் இறந்த, 'யானை மனிதன்' எனப்பட்ட ஜோசப் மெரிக்கும் தன் தாய் கர்ப்பத்தில் யானையைக் கண்டு பயந்ததே காரணம் என்று நம்பினார். அவருக்கு இருந்தது புரோட்டியஸ்தான் என 1986இல் இரு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். தாய் செய்த எதனாலும் இது வருவதில்லை. சொந்தத் திருமணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெற்றோரிடமிருந்து இறங்கும் நோய் இல்லை என்பதால் அடுத்த குழந்தையை எண்ணி அஞ்ச வேண்டியதும் இல்லை.

யானைக்காலுக்கு அரசு 1955 முதல் தனித் திட்டமே நடத்திவருகிறது. 2004இல் ஊர் முழுவதற்கும் ஆண்டுதோறும் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரை தருவது நாடெங்கும் நோயுள்ள மாவட்டங்களுக்கு விரிந்தது. இலங்கை 2016இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஒழிப்புச் சான்று பெற்றது. புரோட்டியஸ் குழந்தைக்கு டி.இ.சி. எதுவும் செய்யாது, ஏ.கே.டி.1-ஐ அடக்கும் மிரான்செர்டிப் போன்ற மருந்து ஆய்வு நிலையில்தான் வந்திருக்கிறது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. அதன்படி சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ஓர் உயர்சிறப்பு மையம். பல்லடத்துக் குடும்பத்துக்கு அது ஓர் இரவுப் பயணம், இரண்டு நாள் கூலி இழப்பு. ஆனாலும் போகச் சொல்வேன்.

ஏனென்றால் பெரிய ஆபத்து வடிவத்தில் இல்லை. புரோட்டியஸ் உள்ளவர்களுக்குக் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். இளவயது மரணத்துக்கு முக்கியக் காரணம் அதுவே. அறுவை சிகிச்சையை ஒட்டிய நாட்களில் ஆபத்து இன்னும் கூடும். கால் திடீரென வலித்து வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது; அந்த நிமிடமே 108ஐ அழைத்து, நோயின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.