மியூசியத்துல க்யூரேட்டர் ஆகணுமா? என்ன படிக்கலாம்?

'மியூசியம் வேலைன்னா ஹிஸ்டரி படிச்சிருக்கணுமே!' என்று தயங்குகிறீர்களா? அப்படியில்லைங்க. 1851-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொல்லியல், நாணயவியலோடு தாவரவியல், விலங்கியல், நிலவியல் பிரிவுகளும் உண்டு. பழம்பொருள்களைப் பாதுகாக்க வேதியியல் ஆய்வகமும் இருக்கிறது. பொருள்களைப் பதிவுசெய்து, பாதுகாத்து, காட்சிக்கு வைப்பவர்தான் காப்பாட்சியர், அதாவது க்யூரேட்டர்.

என்ன படிக்கலாம்?

* முதல்படி: வரலாறு, தொல்லியல், வேதியியல், விலங்கியல் என உங்களுக்குப் பிடித்த பாடத்தில் டிகிரி. பிறகு அதிலேயே முதுகலை.

* அருங்காட்சியகவியல்: பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம், கொல்கத்தா பல்கலைக்கழகம், நொய்டாவிலுள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனம் ஆகியவற்றில் முதுகலையாகப் படிக்கலாம்.

* அரசு வேலை: தமிழக அருங்காட்சியகங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி மூலம் ஆள் எடுக்கிறார்கள். எல்லா வருஷமும் அறிவிப்பு வராது. எந்தப் பிரிவுக்கு எந்தப் படிப்பு என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு...

பத்தாவது முடித்ததும் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ சேரலாம். மண், சூளை, மெருகுப்பூச்சு பற்றி அங்கே கற்பது பழைய பானை ஓடுகளைப் புரிந்துகொள்ளக் கைகொடுக்கும். ஆனால், டிப்ளமோ மட்டும் க்யூரேட்டர் ஆகப் போதாது. அதுதான் கனவு என்றால், ப்ளஸ் டூ முடித்து டிகிரிக்குப் போவதே நேர்வழி. பத்தாவது ரிசல்ட் வந்ததும் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்க!