டச் டவுன் - தரை தொட்ட கதை

சென்னை ரன்வேயில் சக்கரம் பட்ட உடனே பெல்ட்டைக் கழற்றிட்டு மேல இருக்கிற பையை இழுக்கிற நம்ம மக்களுக்காக ஒரு சின்ன ஆராய்ச்சி :-) 'டச் டவுன்'னா வந்து சேர்ந்தாச்சுன்னு அர்த்தமா?

இந்த வார்த்தை விமானத்துக்காகப் பிறந்ததே இல்லைங்க. 19ஆம் நூற்றாண்டு ரக்பி ஆட்டத்து வார்த்தை. எதிரணிக் கோட்டைத் தாண்டி ஓடிப் பந்தைத் தரையில் அழுத்தணும், அதுதான் டச் டவுன். ஆரம்பத்துல அதுக்குப் பாயிண்டே கிடையாது. கோலை நோக்கி ஒரு தடவை உதைச்சுப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதனாலதான் 'ட்ரை'ன்னு பேரு. இன்னிக்கும் ரக்பியில் பந்து தரையில் படணும், ஆனா பேரு ட்ரை. அமெரிக்க ஃபுட்பால்ல பந்து தரையில் படவே வேண்டாம், பேரு டச் டவுன். லாஜிக் எல்லாம் கேக்கப்படாது!

அப்புறம் விமானக்காரங்க இதை எடுத்துக்கிட்டாங்க. 1932 அக்டோபர் 15 அன்னிக்கு ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோட தனியாப் பறந்து, அகமதாபாத் வழியா பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா மதராஸுக்குத் தபாலைக் கொண்டு போனார். அந்தக் குட்டி விமானங்களுக்குத் தரை தொடறதும் வந்து சேர்றதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இப்ப அப்படி இல்லை. சக்கரம் படற நேரம் வேற. ஊர்ந்து போய் 'பே'யில் நின்ன பிறகுதான் ஏர்லைன் கணக்குல 'அரைவல்'. அப்பாவுக்கு முடியலைன்னு போன் வந்து, அடிச்சுப் பிடிச்சு டிக்கெட் போட்டுக் கிளம்பினவங்களைக் கேளுங்க, டச் டவுனுக்கும் கதவு திறக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கால் மணி நேரம் எவ்வளவு நீளம்னு. அதுக்கப்புறம் கோயம்பேடு, கிளாம்பாக்கம், பஸ்ஸுன்னு பாதி ராத்திரி பாக்கி இருக்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க: ரயில் 'புல் இன்' ஆகும், விமானம் 'டச் டவுன்' ஆகும். மனுஷங்க 'டர்ன் அப்' ஆவாங்க, அதுலயும் 'எங்கேர்ந்து வந்தான் இவன்'ங்கிற தொனி கொஞ்சம் உண்டு. பத்திரிகை வெச்சு அழைக்கும்போது போட்டுடாதீங்க.

இன்னொண்ணு, டச் டவுன்ல மென்மை இருக்கணும். 2019 செப்டம்பர் 7 அன்னிக்கு சந்திரயான்-2இன் விக்ரம் நிலவைத் தொடத்தான் செய்தது, வேகமா மோதி. அது டச் டவுன் இல்லை. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6.04க்கு, நம்ம விழுப்புரம் வீரமுத்துவேல் திட்ட இயக்குநரா இருந்த சந்திரயான்-3 இறங்கிச்சே, அது டச் டவுன்.