காப்பி அடிக்காத பாக்கெட்டின் கதை

சுங்குவார்சத்திரம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது ஃபாக்ஸ்கானும் சாம்சங்கும்தான். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வரும் ஊர். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர்கள் மூட்டையை இறக்கி வைத்து, படுத்து எழுந்து, மறுபடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் இடம்தான் சத்திரம். இன்று அந்தச் சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரிகள்.

அந்த லாரிகளை வைத்தே கம்ப்யூட்டர் நெட்வொர்க்கின் ஒரு பெரிய சிக்கலைப் புரிந்துகொள்ளலாம். துறைமுகத்திலிருந்து வரும் சரக்கை இரண்டு விதமாகத் தொழிற்சாலைக்குக் கொடுக்கலாம். ஒன்று, பெட்டி பெட்டியாக இறக்கி உள்ளே இருக்கும் வண்டியில் மாற்றி ஏற்றுவது. மற்றொன்று, ட்ரெய்லரை அப்படியே கழற்றி விட்டுவிட்டு, ஒரு காலி ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு திரும்புவது. இரண்டாவது முறையில் ஒரு பெட்டியைக்கூடத் தொட வேண்டாம். முதல் முறைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர் காப்பி. இரண்டாவதுக்குப் பெயர் ஜீரோ காப்பி.

கேட்டவுடன் இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் மெய்நிகர் கணினிகளின் (அதாவது விர்ச்சுவல் மெஷின்களின்) வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

சிக்கல் எங்கே?

ஒரு பெரிய சர்வருக்குள் பத்து, இருபது மெய்நிகர் கணினிகள் குடியிருக்கும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஆனால் உண்மையான நெட்வொர்க் கார்டு ஒன்றோ இரண்டோதான். வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால் கார்டு அதை முதலில் வீட்டுக்காரரின், அதாவது ஹோஸ்ட் சிஸ்டத்தின் நினைவகத்தில் போடும். அங்கிருந்து எந்தக் குடித்தனக்காரருக்கு உரியதோ அவருடைய நினைவகத்துக்குப் போக வேண்டும். பிறகு அவருடைய கர்னலிலிருந்து அவருடைய புரோகிராமுக்கு. ஒரு பாக்கெட் இப்படி இரண்டு மூன்று சத்திரங்களில் இறங்கி ஏறுகிறது.

முதலில் இதைப் பெரிய அளவில் அளந்து காட்டியவர்கள் விஎம்வேர் நிறுவனத்தினர். ஜெரமி சுகர்மேன், கணேஷ் வெங்கிடாசலம், பெங்-ஹாங் லிம் மூவரும் 2001-ல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார்கள். அவர்களுடைய மென்பொருள் பழைய ஏஎம்டி லான்ஸ் நெட்வொர்க் கார்டைப் போல நடித்தது. அந்தக் கார்டின் டிரைவர் ஒவ்வொரு முறை கார்டைத் தொடும்போதும் மெய்நிகர் உலகத்திலிருந்து நிஜ உலகத்துக்கு ஒரு தாவல் நடக்க வேண்டியிருந்தது. 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கம்ப்யூட்டரில் 100 மெகாபிட் ஈதர்நெட்டை நிரப்பவே படாதபாடு பட்டார்கள். தாவல்களைக் குறைத்த பிறகுதான் நிஜ வேகத்தைத் தொட முடிந்தது. காப்பி செய்வதற்கு ஆகும் நேரத்தைவிடத் தாவலுக்கு ஆகும் நேரமே அங்கே பெரிய தலைவலி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் உதவும்.

ட்ரெய்லரை மாற்றிய ஜென்

2003-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜென் என்ற ஹைப்பர்வைசர் வந்தது. இவர்கள் பழைய கார்டைப் போல நடிப்பதையே கைவிட்டார்கள். மெய்நிகர் கணினிக்குத் தான் மெய்நிகர் கணினி என்பது தெரியட்டும், அதற்கேற்ற டிரைவரை எழுதலாம் என்பது அவர்கள் வழி.

பாக்கெட் வரும்போது ஜென் செய்தது அப்படியே ட்ரெய்லர் மாற்றும் வேலை. நினைவகம் 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பாக்கெட் இருக்கும் பக்கத்தின் உரிமையைக் குடித்தனக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவரிடமிருந்து ஒரு காலிப் பக்கத்தை வாங்கிக்கொள்ளும். இதற்குப் பக்கப் புரட்டல் என்று பெயர். ஒரு பைட்கூட இடம் மாறாது.

அருமையான யோசனை. ஆனால் செலவு வேறு இடத்தில் ஒளிந்திருந்தது. பக்கத்தின் உரிமையை மாற்ற ஹைப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். பக்க அட்டவணையைத் திருத்த வேண்டும். பழைய முகவரிகளை பிராசஸர் மறக்கும்படி செய்ய வேண்டும். திருப்பித் தரும் காலிப் பக்கத்தில் முன்பு இருந்தவரின் ரகசியம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால் அதை முழுக்கப் பூஜ்யத்தால் துடைக்கவும் வேண்டும். 1500 பைட் பாக்கெட்டை நகர்த்தாமல் இருப்பதற்காக 4096 பைட்டைத் துடைப்பது! நாலு பெட்டிக்காக ஒரு முழு ட்ரெய்லரைக் கழற்றி, கேட் பாஸ் போட்டு, கழுவிவிடுவது போல.

2006-ல் அரவிந்த் மேனன், ஆலன் காக்ஸ், வில்லி ஸ்வேனபோல் மூவரும் இதை அளந்து பார்த்தார்கள். பாக்கெட்டை வாங்கும் வழியில் பக்கப் புரட்டலை எடுத்துவிட்டு, சாதாரணமாகக் காப்பி செய்தார்கள். அது மலிவாக இருந்தது! மற்ற மாற்றங்களையும் சேர்த்து, மெய்நிகர் கணினி பாக்கெட் அனுப்பும் வேகம் 4.4 மடங்கு கூடியது. வாங்கும் வேகம் 18 சதவீதம்தான் கூடியது, நிஜ லினக்ஸைவிட 61 சதவீதம் பின்தங்கியே இருந்தது. நோய் முழுதாகக் குணமாகவில்லை, ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

2008-ல் எச்பி ஆய்வகத்தின் ஹோசே ரெனாட்டோ சாண்டோஸ் குழு இன்னொரு படி போனது. காப்பி செய்துதான் ஆக வேண்டும் என்றால் அதை வீட்டுக்காரர் ஏன் செய்ய வேண்டும்? குடித்தனக்காரரே தன் பிராசஸர் நேரத்தில் செய்துகொள்ளட்டும். இதில் இரட்டை லாபம். வீட்டுக்காரரின் சுமை குறைகிறது. காப்பி செய்யும்போதே தகவல் குடித்தனக்காரரின் பிராசஸர் கேஷில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எப்படியும் அவர் அதைப் படிக்கத்தானே போகிறார்!

ரஸ்டி ரஸ்ஸலின் வளையம்

இதற்கிடையில் லினக்ஸ் பக்கம் வேறொரு குழப்பம். ஒவ்வொரு ஹைப்பர்வைசருக்கும் தனித்தனி டிரைவர். அப்போது ஐபிஎம்மில் இருந்த ஆஸ்திரேலியர் ரஸ்டி ரஸ்ஸல் எல்லாருக்கும் பொதுவாக விர்ட்டியோ என்ற முறையை 2007-ல் முன்வைத்தார். 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24-ல் அது சேர்ந்தது.

விர்ட்டியோவின் உயிர் ஒரு வளையம். குடித்தனக்காரர் பாக்கெட்டை எங்கும் கொண்டு போய்க் கொடுப்பதில்லை. பாக்கெட் இன்ன முகவரியில் இருக்கிறது, இவ்வளவு நீளம் என்று வளையத்தில் ஒரு சீட்டு எழுதி வைப்பார். வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து நேராக அந்த நினைவகத்திலிருந்து எடுத்துக்கொள்வார். 2010-ல் ரெட் ஹேட்டின் மைக்கேல் சிர்கின் இந்த வேலையைக் கர்னலுக்குள்ளேயே கொண்டுவந்தார். அதுதான் விஹோஸ்ட்-நெட். நடுவில் இருந்த ஒரு சத்திரம் இடிக்கப்பட்டது.

2011-ல் ஐபிஎம்மின் ஷெர்லி மா அடுத்த சத்திரத்தையும் இடித்தார். குடித்தனக்காரரின் பக்கங்களை அசையாமல் பிடித்து வைத்து, நெட்வொர்க் கார்டு அங்கிருந்தே நேரடியாக பாக்கெட்டை எடுத்து அனுப்பும் வழி. உண்மையான ஜீரோ காப்பி.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாக்கெட் வெளியே போய்ச் சேர்ந்துவிட்டது என்று கார்டு சொல்லும் வரை குடித்தனக்காரர் அந்த இடத்தைத் தொடக் கூடாது. ஏதோ ஒரு பாக்கெட் மெதுவான வரிசையில் மாட்டிக்கொண்டால்? அதன் சீட்டு வளையத்தில் அப்படியே நிற்கும். வளையத்தில் இடம் குறைவு. அதனால் வேகமாகப் போக வேண்டிய மற்ற பாக்கெட்டுகளும் பின்னால் நிற்கும். டோல்கேட்டில் முன்னால் நிற்கும் ஒரே லாரியால் பின்னால் ஐம்பது வண்டி நிற்பதைப் போல.

2019-ல் ரெட் ஹேட்டின் ஜேசன் வாங் விஹோஸ்ட்-நெட்டின் ஜீரோ காப்பியை இயல்பாக அணைத்து வைக்கும் மாற்றத்தைக் கொண்டுவந்தார். காரணங்களில் ஒன்று மேலே சொன்ன வரிசைச் சிக்கல். இன்னொன்று, காப்பி செய்யும் வழி அதற்குள் பாக்கெட்டுகளை மொத்தமாகக் கையாளக் கற்றுக்கொண்டு, சிறிய பாக்கெட்டுகளில் ஜீரோ காப்பியை முந்திவிட்டது.

67 நானோ விநாடி

10 கிகாபிட் இணைப்பில் மிகச்சிறிய 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் விநாடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்கு 67 நானோ விநாடிதான். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரில் அது சுமார் 200 துடிப்பு. சாதாரணக் கர்னல் டிரைவருக்கு இது போதாது.

இதற்கு இன்டெல் 2010-ல் வெளியிட்ட பதில் டிபிடிகே. இதன் தந்தை என்று அழைக்கப்படுபவர் வெங்கி வெங்கடேசன். 2018-ல் புற்றுநோயால் காலமானார். கர்னலைச் சுற்றிக்கொண்டு போய், புரோகிராமே நேராகக் கார்டிலிருந்து பாக்கெட்டுகளைக் கட்டுக்கட்டாக அள்ளுவது அவர் வழி. இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்து லூயிஜி ரிஸ்ஸோ 2012-ல் நெட்மேப் என்ற முறையில், வெறும் 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே கோரில் அந்த முழு வேகத்தையும் தொட்டுக் காட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், அதே ரிஸ்ஸோ மெய்நிகர் கணினிகளுக்கு இடையே பாக்கெட் மாற்ற வேல் என்ற ஸ்விட்சைக் கட்டியபோது அதில் வேண்டுமென்றே காப்பி செய்தார். ஒருவர் நினைவகத்தை மற்றவர் தொடக் கூடாது என்ற பாதுகாப்புக்காக. டிபிடிகேயும் 2016-ல் தன் விஹோஸ்டில் ஒரு ஜீரோ காப்பி வசதியைச் சேர்த்து, 2020-ல் எடுத்துவிட்டது.

ஒரகடத்துக்கு என்ன சம்பந்தம்?

ஒரகடத்தில் நோக்கியாவின் தொலைத்தொடர்புக் கருவித் தொழிற்சாலை இருக்கிறது. (2014-ல் மூடப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் செல்போன் ஆலை வேறு.) ஒரு காலத்தில் செல்போன் நெட்வொர்க் என்றால் டவரில் இருக்கும் ரேடியோ முதல் நடுவில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி வரை எல்லாமே தனிக் கருவிகள். 2012 அக்டோபரில் உலகின் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் சில சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டன. நடுவில் உள்ள பெட்டிகளை எல்லாம் சாதாரண சர்வரில் ஓடும் மெய்நிகர் கணினிகளாக்கிவிடலாம் என்பது அதன் சாரம். அப்படி ஆனால் ஃபேக்டரியில் செய்ய வேண்டிய பெட்டி ஒன்று மென்பொருளாகிவிடும். ரேடியோவை மட்டும் மென்பொருளாக்க முடியாது, அது இரும்பும் செம்புமாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த அறிக்கை நடைமுறைக்கு வருமா வராதா என்பது அந்த 67 நானோ விநாடிக் கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சாதாரண சர்வரால் பாக்கெட்டை அந்த வேகத்தில் தள்ள முடியாது என்றால் தனிப் பெட்டிகளே தொடர்ந்திருக்கும். டிரைவர் எழுதுகிறவர்கள் மிச்சம் பிடித்த நானோ விநாடிகள், எந்தப் பொருள் அசெம்பிளி லைனில் ஓட வேண்டும், எது ஓட வேண்டாம் என்பதையும் சேர்த்துத்தான் மாற்றியிருக்கின்றன.

இந்த வரலாற்றில் எல்லாரும் முதலில் காப்பியைத்தான் எதிரி என்று நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது சில இடங்களில் எதிரி தாவலாக இருந்தது, சில இடங்களில் பக்க அட்டவணையாக இருந்தது, சில இடங்களில் வரிசையாக இருந்தது. லினக்ஸ் 2017-ல் சாதாரண சாக்கெட்டுகளுக்குச் சேர்த்த ஜீரோ காப்பி வசதியின் கையேடே, சுமார் 10 கிலோபைட்டுக்கு மேல் அனுப்பினால்தான் இதில் லாபம் என்கிறது. முழு கண்டெய்னர் என்றால் ட்ரெய்லரை மாற்றலாம். நாலு பெட்டி என்றால் கையில் தூக்கிக்கொண்டு போவதுதான் சீக்கிரம்.