அயற்சொல் ஈற்று மெய்ம்மயக்கமும் தமிழ்க் குற்றியலுகரமும்

இருமொழி வழங்கும் ஊர்கள் மொழியாராய்ச்சியாளர்க்கு நல்விருந்தாவன. திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டை அவற்றுள் ஒன்று. நெசவே அவ்வூரின் முதன்மைத் தொழில். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அம்மாநிலத்திற் சேர்ந்த திருத்தணிப் பகுதி, படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் முதல் நாளில் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினும், தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் நிலை மாறவில்லை. இத்தகைய ஊர்களின் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களை 'லிஸ்டு', 'பேங்கு', 'பல்பு' என ஒலிக்குங்கால், நாப்பயிற்சி இன்மையால் நேர்ந்த பிழை என அதனைக் கடிவோர் உளர். அயன்மொழிச் சொற்களின் ஈற்றில் அடுக்கி வரும் மெய்களைத் தமிழ் ஏற்ற வரலாற்றை நோக்கின், அக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்றற்குரிய மெய்கள் ஞ, ண, ந, ம, ன, ய, ர, ல, வ, ழ, ள என்னும் பதினொன்றே என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. வல்லின மெய் ஆறனுள் ஒன்றும் ஈறாகாது. வல்லெழுத்தில் முடிய வேண்டிய சொற்களுக்கு அரை மாத்திரை அளவிற்றாகிய குற்றியலுகரம் துணையாய் வந்து நிற்கும். ஈற்றில் இரு மெய் இணைதலைத் தொல்காப்பியர் அறியாதவரும் அல்லர். 'போலும்' என்பது செய்யுளிறுதியில் 'போன்ம்' என வருதலை அவர் எடுத்தோதினார். ஆண்டும் மகரம் தன் அளவிற் குறுகியே ஒலிக்கும். ஈற்று மெய்யிணைவு தமிழுக்கு எத்துணை அருமையுடைத்து என்பதற்கு இவ்விதியே சான்று.

வடசொற்களிற் பெரும்பாலன சொல்லிடையிலேயே இணைமெய் உடையன. ஆதலின் பவணந்தியார் நன்னூலில் இடைப்பட்ட உயிர்களுக்கு விதி கூறினார். யகர ரகர லகரங்களுக்கு முன் இகரமும், மகர வகரங்களுக்கு முன் உகரமும், நகரத்திற்கு முன் அகரமும் தோன்றும். வாக்கியம், சுக்கிலம், பதுமம், பக்குவம், அரதனம் என்பன காண்க. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த மேசை, சாவி, அலமாரி முதலியவற்றின் மூலச் சொற்கள் உயிரீறு உடையன. ஆதலின் அவை ஈற்றளவில் இடர் விளைக்கவில்லை. ஆட்சித் துறை வாயிலாக வந்த பாரசீக, அரபுச் சொற்களே ஈற்று இணைமெய்யை மிகுதியாகக் கொணர்ந்தன. அவற்றுள் 'பந்தோபஸ்த்' என்பது பந்தோபஸ்து என்றும், 'கிஸ்த்' என்பது கிஸ்தி என்றும், 'ஜின்ஸ்' என்பது தினுசு என்றும் உயிரீறு பெற்றன. ஆங்கிலம் வருமுன்னரே வழி வகுக்கப்பட்டுவிட்டது என்க.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் மூவகையால் ஏற்றது.

முதலாவது, ஈற்றில் உகரம் பெறுதல். இறுதி மெய் வல்லெழுத்தாயின் இதுவே பெருவழக்கு. இங்ஙனம் அமைந்த சொற்கள் குற்றியலுகரத்தின் பழைய வகைகளுள்ளேயே அடங்குதல் வியக்கத்தக்கது. 'பேங்கு', 'ஸ்டாம்பு', 'பவுண்டு' என்பன பாங்கு, காம்பு, வண்டு போல மென்றொடர். 'மார்க்கு' ஈர்க்கு என்பது போல வன்றொடர். 'பல்பு' சால்பு என்பது போல இடைத்தொடர்.

இரண்டாவது, இணைந்த மெய்களின் நடுவே உயிர் தோன்றுதல். இறுதி மெய் மெல்லினமோ இடையினமோ ஆயின், அது தானே ஈறாகத் தகும். ஆதலின் புறத்தே உகரம் வேண்டா. 'பிலிம்', 'பாரம்', 'பாட்டில்', 'பைபிள்' என்பன இவ்வகையின. இவற்றுட் பின்னைய இரண்டிலும் லகர ளகரங்களுக்கு முன் இகரம் நிற்றல், பவணந்தியார் விதியோடு ஒத்து நடத்தல் காண்க.

மூன்றாவது, இறுதி மெய் கெடுதல். 'சம்மன்ஸ்' என்பது சம்மன் ஆயிற்று. ஒரே ஆங்கிலச் சொல் நிறையைக் குறிக்குங்கால் 'பவுண்டு' என்றும், பொற்காசைக் குறிக்குங்கால் 'பவுன்' என்றும் இரு வடிவு பெற்றமை, இவ்வழிகள் பொருள் வேறுபாட்டுக்கும் பயன்பட்டமையைக் காட்டும்.

உகரம் சேர்த்தல் தெலுங்கின் சாயலே என்பாரும் உளர். அதுவும் ஆராயத்தக்கது. தெலுங்கு எழுத்து வழக்கில் 'பேங்கு' மட்டுமன்றி 'ரைலு', 'ஜைலு', 'பென்னு' எனப் பிற மெய்களின் பின்னும் உகரம் வரும். தமிழ் எழுத்து வழக்கிலோ ரயில், ஜெயில் என லகரமே ஈறாக நிற்கும். பேச்சில் பாலு, கண்ணு என்பன போல உகரம் விரவுதல் உண்டெனினும், எழுத்து வழக்குத் தொல்காப்பியர் காட்டிய வேறுபாட்டைக் கைவிடவில்லை. ஆகவே இருமொழியும் உகரத்தை வேண்டினும், வேண்டும் இடம் வேறு வேறாம்.

இக்காலத்தார் 'கோர்ட்', 'மார்க்' எனப் புள்ளியிட்டு எழுதுவர். எனினும் வேற்றுமையுருபு ஏற்குங்கால் 'கோர்ட்டில்', 'மார்க்கை' என்றே எழுதுகின்றனர். தனிக்குறிலை அடுத்த ஒற்றே உயிர்வரின் இரட்டும் என்பது விதியாகலின், இங்கு ஒற்று இரட்டியதற்குக் காரணம் வேறு. 'கோர்ட்டு' என்னும் குற்றியலுகரச் சொல்லே அடியாய் நின்று, உயிர்வரத் தன் உகரம் கெட்டுப் புணர்ந்தது. எழுத்தில் மறைக்கப்பட்ட உகரம் புணர்ச்சியில் வெளிப்பட்டது.

ஆங்கிலேயர் நாவும் மெய்யடுக்கிற்கு முற்றும் இசைந்ததன்று. 'லாம்' என்னும் ஆட்டுக்குட்டிப் பெயரின் பகரமும், 'ஹிம்' என்னும் துதிப்பாடற் பெயரின் இறுதி னகரமும் இன்று எழுத்தளவில் நிற்பனவேயன்றி ஒலியளவில் இல்லை. அவர்கள் மெய்யை விடுத்தனர். நாம் உயிரைச் சேர்த்தோம்.

ஆகவே ஆங்கிலம் கற்பிப்போர் அம்மொழி ஒலியைச் செவ்விதின் பயிற்றுதல் வேண்டும். அதன் பொருட்டுத் தமிழ் மாணாக்கன் ஈற்றில் ஒலிக்கும் அவ்வரை மாத்திரையை அவன் செவிக்கே உணர்த்துதல் முதற்படியாகும். அதனை அறியாமை என இகழ்தல் ஆசிரியர்க்கு அழகன்று. 'லிஸ்டு' என்னும் சிறுவன், இலக்கண நூல் ஒன்றும் ஓதாமலே, தன் முன்னோர் பேணிய மொழியிறுதி மரபைத் தன் நாவில் தாங்கி நிற்கின்றான்.