மேசைமேல் வைத்த நாட்டுப் பெயர்கள்: புவெனஸ் அயர்ஸ் சதுரங்கப் போட்டி, 1939

சதுரங்கத்துக்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் பெயர் 'அஹெத்ரெஸ்'. 'அஷ்-ஷத்ரஞ்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. ஆங்கிலேயர் 'பிஷப்' என்றழைக்கும் காய்க்கு ஸ்பானியர் இட்ட பெயர் 'அல்ஃபில்'. யானை எனப் பொருள்படும் 'அல்-ஃபீல்' என்ற அரபுச் சொல்லே அவ்வாறு நின்றுவிட்டது. அந்துலூசியாவில் முஸ்லிம் ஆட்சி மறைந்து பல நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் இச்சொற்கள் அம்மொழியில் வாழ்கின்றன. பின்பு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து தென்னமெரிக்கக் கரையிலும் அவை வேரூன்றின.

அக்கரையிலுள்ள அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில், 1939 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் எட்டாவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 'தேசங்களின் போட்டி' என்று அந்நாட்டவர் அதனை அழைத்தனர். இருபத்தேழு அணிகள் பங்கேற்றன. ஐரோப்பாவுக்கு வெளியே இவ்வணிப் போட்டி நடந்தது அதுவே முதன்முறை. அது நடந்துகொண்டிருந்தபோதே இரண்டாம் உலகப் போர் மூண்டது.

சதுரங்க வரலாற்று நூல்கள் இப்போட்டியைப் போர் குறுக்கிட்ட ஒரு விந்தை நிகழ்வாகவே பெரும்பாலும் விவரிக்கின்றன. அதனினும் ஆழமான ஒரு வினா இதில் உண்டு. ஒவ்வொரு மேசையிலும் ஒரு நாட்டின் பெயர் இருந்தது. அப்பெயருக்குப் பின்னே ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். அப்பெயருக்கும் அம்மனிதருக்கும் என்ன உறவு? முஸ்லிம் வாசகர் இவ்வினாவை எளிதில் கடந்து செல்ல இயலாது. ஏனெனில், அங்கு ஆசியாக் கண்டத்திலிருந்து வந்த ஒரே பெயர் பாலஸ்தீனம்.

ஆட்டம் வந்த வழி

இந்தியாவில் பிறந்து பாரசீகத்தில் வளர்ந்த இவ்வாட்டம், இஸ்லாமிய நாகரிகத்தின் கையில்தான் ஓர் அறிவுத்துறையாக உருப்பெற்றது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-அத்லீ இதனைப் பற்றி நூல் எழுதினார். அவருக்குப் பின் வந்த அபூபக்ர் அஸ்-ஸூலீ, அப்பாஸிய கலீஃபா அல்-முக்தஃபீயின் அவையில் ஈடிணையற்ற ஆட்டக்காரராக விளங்கினார். தொடக்க நகர்த்தல்களை வகைப்படுத்தியும் இறுதிநிலைப் புதிர்களைத் தொகுத்தும் அவர் எழுதியவை பிற்கால நூலாசிரியர்களுக்கு மூலமாயின. ஐரோப்பா இக்கலையைக் கற்றது அந்துலூசியா போன்ற முஸ்லிம் நிலங்களின் வழியாகத்தான். காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ 1283இல் முடிப்பித்த விளையாட்டு நூலில் அரபு மரபின் சுவடு தெளிவாகவே தெரிகிறது.

மார்க்க அறிஞர்களும் இவ்வாட்டத்தைக் குறித்து விரிவாக விவாதித்தனர். ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளைச் சார்ந்தோரில் பெரும்பாலோர் இதனைத் தடை செய்தனர். தமிழகக் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் வாழும் முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றுகின்ற ஷாஃபிஈ மத்ஹபின் நிலை சற்று வேறானது. சூதுப் பந்தயம், தொழுகை தவறுதல், தீய பேச்சு ஆகியன கலவாதவரை இது ஹராம் அன்று; ஆயினும் மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது என்பது அம்மத்ஹபின் தீர்ப்பு. தாபியீன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகைக்கு முதுகு காட்டி அமர்ந்து ஆடுவார் என்றொரு செய்தியும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் வழியாகவே அறிவிக்கப்படுகிறது.

இத்தீர்ப்புக்குரிய இமாம், ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) காஸாவில் பிறந்தவர் என்பது வரலாற்றாசிரியர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கூற்று. காஸா பாலஸ்தீனத்தின் பழம்பெரும் நகரம். இதனை மனத்தில் இருத்தியே 1939ஆம் ஆண்டின் மேசைகளை நாம் நோக்க வேண்டும்.

வந்தோரும் வராதோரும்

ஐரோப்பிய அணிகள் பலவற்றை ஏற்றிக்கொண்டு 'பிரியாபோலிஸ்' என்ற பெல்ஜியக் கப்பல் 1939 ஜூலை இறுதியில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. மூன்று வாரங்களுக்கு மேல் கடலில் சென்று ஆகஸ்ட் 21 அன்று புவெனஸ் அயர்ஸை அடைந்தது. பின்னர் போரில் ஒன்றையொன்று அழிக்க முற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள், அக்கப்பலில் ஒரே தளத்தில் உலாவி, ஒரே கூடத்தில் உணவருந்தி வந்தனர்.

அவர்கள் ஏந்தி வந்த பெயர்களில் சில அண்மையில் மாற்றப்பட்டவை. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியுடன் இணைத்துக்கொண்டார். அதனால், முந்தைய ஒலிம்பியாட்களில் ஆஸ்திரியாவுக்காக ஆடிய எரிஷ் எலிஸ்காசஸ், இம்முறை ஜெர்மனியின் முதல் பலகையில் அமர்ந்தார். வியன்னாவைச் சேர்ந்த ஆல்பர்ட் பெக்கரும் அதே அணியில் இடம்பெற்றார். 1939 மார்ச்சில் செக்கோஸ்லோவாக்கியா சிதைக்கப்பட்டது. செக் ஆட்டக்காரர்கள் 'பொஹேமியா-மொராவியா' என்ற பெயரில் ஆட நேர்ந்தது. உடன் நடந்த பெண்கள் உலகப் போட்டியில் பங்கேற்ற ஜெர்மானியரான ஸோன்யா கிராஃப், எந்நாட்டுக் கொடியுமின்றி, 'சுதந்திரம்' என்ற கருத்தையே தம் அடையாளமாகக் கொண்டு ஆடினார்.

ஆட்டத்தின் தாயகமான இந்தியா அங்கு இல்லை. வளர்ப்புத் தாயகமான ஈரானும் இல்லை. இவ்விரு நாடுகளும் ஒலிம்பியாடில் முதன்முதலாக அமர்ந்தது 1956ஆம் ஆண்டு மாஸ்கோவில்தான். எனினும் இந்திய முஸ்லிம் ஒருவர் அதற்கு முன்பே அம்மேசைக்கு வந்து சென்றிருந்தார். பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் 1930இல் ஹாம்பர்க்கிலும், 1931இல் பிராகாவிலும், 1933இல் ஃபோக்ஸ்டனிலும் முதல் பலகையில் ஆடினார். அவர் முன்னிருந்த பெயர் இங்கிலாந்து. பிரித்தானிய வாகையர் பட்டத்தை மும்முறை வென்றவர், முன்னாள் உலக வாகையர் காபபிளாங்காவைத் தோற்கடித்தவர் என்னும் புகழ் அவருக்கு இருந்தது. ஆயினும் தம் மண்ணின் பெயரால் அவர் ஒருமுறைகூட ஒலிம்பியாடில் ஆடவில்லை. அவர் 1966இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அவருக்கு வழங்கியது 2024இல்தான்.

பாலஸ்தீனத்தின் பெயரில் வந்த ஐவரும் யூதர்கள். முதன்மை ஆட்டக்காரரான மோஷே செர்னியாக் வார்சாவில் பிறந்தவர். ஹைன்ஸ் ஃபோர்டர் பிரெஸ்லாவில் பிறந்தவர். அன்று பாலஸ்தீனம் பிரித்தானிய ஆணை ஆட்சியின் கீழ் இருந்தது. மக்களில் பெரும்பான்மையினர் அரபுகள். 1936இல் தொடங்கிய அரபு எழுச்சி அடக்கப்பட்ட வேளை அது. அந்நாட்டின் பெயரைத் தாங்கிய அணியில் அரபுகளில் ஒருவரும் இல்லை.

இதனைச் சொல்வது அவ்வைவரைக் குறை கூறுவதற்கன்று. ஐரோப்பாவில் யூதர்களைச் சூழ்ந்துகொண்டிருந்த பேரழிவு கற்பனையன்று. அதிலிருந்து தப்பியோர் இழந்தவற்றை மறுப்பவர் நீதியுடையோர் ஆகார். ஆனால், ஒரு துயரத்தை ஏற்பதற்காக மற்றொன்றைக் காணாதிருக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டின் பெயர் உலக அரங்குக்குச் சென்றபோது அந்நாட்டின் பெரும்பான்மை மக்கள் அப்பெயருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதும் வரலாற்று உண்மையே.

ஆடப்படாத ஆட்டங்கள்

இருபத்தேழு அணிகளும் முதலில் நான்கு பிரிவுகளாக ஆடின. பதினாறு அணிகள் முதன்மை இறுதிச் சுற்றுக்குத் தேர்வாயின. அச்சுற்று தொடங்கிய வேளையில், செப்டம்பர் 1 அன்று, ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. செப்டம்பர் 3 அன்று பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியின்மீது போர் அறிவித்தன.

இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்த இங்கிலாந்து அணி போட்டியிலிருந்து விலகியது. அவ்வணியைச் சேர்ந்த அலெக்சாண்டர், மில்னர்-பாரி, கோலம்பெக் ஆகிய மூவரும் பின்னர் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானிய இரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணியில் அமர்த்தப்பட்டனர். பலகையில் பயின்ற கூர்மதி போரின் கருவியாயிற்று.

எஞ்சிய பதினைந்து அணிகளைக் கொண்டு போட்டியைத் தொடர்வதா, நிறுத்துவதா என்ற வினா எழுந்தது. தொடர்வதென முடிவாயிற்று. ஆனால், போரிடும் நாடுகளின் ஆட்டக்காரர்கள் எதிரெதிரே அமர இயலவில்லை. ஆறு சந்திப்புகள், ஒரு காயும் நகர்த்தப்படாமலே, 2-2 என்ற சமநிலையாக அறிவிக்கப்பட்டன. ஜெர்மனி போலந்துடனும், பிரான்சுடனும், பாலஸ்தீனத்துடனும் ஆட வேண்டியவை அவற்றில் அடங்கும்.

செப்டம்பர் 19 அன்று போட்டி முடிவுற்றது. ஜெர்மனி 36 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. போலந்து 35.5 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தையும், எஸ்டோனியா 33.5 புள்ளிகளுடன் மூன்றாமிடத்தையும் பெற்றன. முதலிரு இடங்களையும் பிரித்தது அரைப் புள்ளி. அவ்விரண்டு அணிகளும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடவேயில்லை. ஆகவே, அப்பட்டியலில் அச்சாகியுள்ள வரிசையைப் பலகை மட்டுமே தீர்மானித்தது எனக் கூறுதல் பொருந்தாது.

பலகை தனக்கு வெளியே உள்ள கடமைகளை விழுங்கிவிடலாகாது என்பதே ஷாஃபிஈ அறிஞர்கள் விதித்த நிபந்தனைகளின் உட்பொருள். புவெனஸ் அயர்ஸில் நடந்தது அதன் மறுதலை. வெளியே நிகழ்ந்த அநீதி பலகையை விழுங்கியது. அந்த 2-2 என்னும் எண் சமாதானத்தைக் குறிக்கவில்லை. எதிரெதிரே அமரவும் இயலாத நிலையைக் கண்ணியமாக மறைத்த திரை அது.

திரும்பாதவர்கள்

போட்டி முடிந்தபோது பலருக்குத் திரும்பிச் செல்ல நாடு இல்லை; சிலருக்கு இருந்தும் செல்ல மனமில்லை. பிரியாபோலிஸில் வந்தோரில் பலர் தென்னமெரிக்காவிலேயே தங்கினர். வாகை சூடிய ஜெர்மானிய அணியின் ஐவரும் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எந்தப் பெயருக்காக வென்றார்களோ அந்தப் பெயருக்கு அவர்கள் மீண்டும் உரியோராகவில்லை. எஸ்டோனிய அணியின் இல்மார் ராவுத் 1941இல் புவெனஸ் அயர்ஸிலேயே வறுமையில் மறைந்தார். பெண்கள் பட்டத்தை வென்ற வேரா மென்சிக் லண்டனுக்குத் திரும்பினார். 1944 ஜூனில் ஜெர்மானியப் பறக்கும் குண்டுத் தாக்குதலில் அவர் உயிரிழந்தார்.

போலந்து அணியின் மிகேல் நைடோர்ஃப், மனைவியையும் குழந்தையையும் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் போலந்தில் விட்டு வந்திருந்தார். அனைவரையும் யூதப் படுகொலையில் இழந்தார். 1943இல் ரொசாரியோ நகரில் பலகையைப் பாராமல் ஒரே நேரத்தில் நாற்பது பேருடன் ஆடினார். 1947இல் சாவோ பாலோ நகரில் நாற்பத்தைந்து பேருடன் அவ்வாறே ஆடி, 39 ஆட்டங்களில் வென்றார், 4 சமநிலையாயின, இரண்டில் மட்டும் தோற்றார். இச்செய்தி நாளேடுகளில் வெளிவந்தால், உறவினர் எவரேனும் உயிரோடிருந்து அதைக் கண்டு தம்மைத் தேடி வரக்கூடும் என்ற எண்ணமே இத்தகைய முயற்சிக்குத் தம்மைத் தூண்டியது எனப் பின்னாளில் அவர் கூறினார். ஒருவரும் வரவில்லை. ஸயீத் இப்னு ஜுபைர் காலம் முதல் வியப்புக்குரிய திறனாகப் பேசப்பட்ட ஓர் ஆட்டமுறை, இங்கு ஒரு மனிதரின் தேடலாயிற்று.

நைடோர்ஃப் 1944இல் அர்ஜென்டினக் குடியுரிமை பெற்றார். எலிஸ்காசஸும் பின்னர் அர்ஜென்டினரானார். 1952இல் ஹெல்சிங்கியில் நடந்த ஒலிம்பியாடில் அர்ஜென்டினா இரண்டாமிடம் பெற்றபோது இருவரும் ஒரே அணியில் ஆடினர். 1939இல் ஒருவர் போலந்து, மற்றவர் ஜெர்மனி. அன்று ஆடப்படாமல் 2-2 எனக் குறிக்கப்பட்ட சந்திப்பின் இரு தரப்பினர் அவர்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரே பெயரின் கீழ் அருகருகே அமர்ந்தனர்.

பெயரும் மனிதரும்

அதே ஹெல்சிங்கிப் போட்டியில் இஸ்ரேல் முதன்முதலாக ஆடியது. 1939இல் பாலஸ்தீனம் என்ற பெயர் இருந்தது. அப்பெயருக்குரிய அரபு மக்கள் அங்கு இல்லை. 1952இல் அப்பெயரும் இல்லை. 1948இன் நக்பாவில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் தம் இல்லங்களை இழந்து ஏதிலிகளாகியிருந்தனர். சதுரங்க அட்டவணைகளில் ஏற்பட்ட இச்சிறு மாற்றத்தின் பின்னே இருந்தது அத்துணைப் பெரிய இழப்பு.

அப்பெயர் பிற்காலத்தில் அதற்குரிய மக்களோடு சதுரங்க அரங்குக்கு மீண்டது. 2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 44ஆவது ஒலிம்பியாட் தமிழகத்தின் மாமல்லபுரத்தில் நடைபெற்றபோது பாலஸ்தீன அணிகளும் வந்திருந்தன. அப்போட்டியில் கலந்துகொண்டோர் அனைவரினும் வயதில் இளையவர், பாலஸ்தீனப் பெண்கள் அணியில் ஆடிய எட்டு வயதுச் சிறுமி. தமிழக நாளேடுகள் அவரை வியந்து எழுதின. அவர் முன் மேசையில் இருந்த பெயரின் வரலாற்றை அறிந்தோர் சிலராகவே இருந்திருப்பர்.

விளையாட்டை அரசியலினின்று விலக்கி வைக்க வேண்டும் என்று அடிக்கடி கூறப்படுகிறது. நல்ல விருப்பம்தான். ஆயினும் நாடுகளின் பெயரால் நடைபெறும் எந்தப் போட்டியிலும், யாருக்கு எந்தப் பெயர் தரப்பட்டது, யாரிடமிருந்து எந்தப் பெயர் பறிக்கப்பட்டது என்ற வினா, முதற்காயை நகர்த்துவதற்கு முன்பே மேசைக்கு வந்துவிடுகிறது. பாக்தாதில் அறிவுக்கலையாக வளர்த்த ஆட்டத்தின் வரலாற்றைப் படிப்போர், யார் வென்றார் என்பதோடு யார் அமர வைக்கப்பட்டார், யார் அமர வைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். புவெனஸ் அயர்ஸ் போட்டி அவ்வாசிப்புக்குத் தக்க பாடம்.